அரைக்கன்னத்தாரின் ஒன்பது பிளேட்டுகள்

மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் இரண்டு கன்னம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டையும் இரண்டு தனித்தனிப் பரிசோதனைக் கூடங்களாக நடத்தியவர் இந்தப் பூமியில் ஒரேயொருவர்தான், அவரும் பருத்தித்துறையில் எங்கள் அரசாங்கக் கந்தோரில்தான் இருந்தார் என்று எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்ல நான் தயார். இடது கன்னத்தை ஒரு பிளேட்டாலும் வலது கன்னத்தை இன்னொரு பிளேட்டாலும் வழித்துக்கொண்டு வருவார். அதனால் அவருக்கு அரைக்கன்னத்தார் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நான் இடமாற்றமாகி அங்கே போன முதல் நாள். கதிரையில் இருந்து இன்னும் சூடு ஏறவில்லை. திறக்க மறுத்த மேசை லாச்சியோடு இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தபோது மேசைக்கு முன்னால் ஒரு முகம் குனிந்தது. ஐம்பத்தெட்டு வயது மதிக்கலாம். நெற்றி நிறையத் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி.

“தடவிப் பாரும் ஐசே.”

“என்னத்தை அண்ணை?”

“கன்னத்தைத்தான். முதல் இடது, பேந்து வலது. கை கழுவினீரோ?”

புது இடத்தில் முதல் நாளே முரண்டு பிடிப்பது அழகல்ல என்று தடவினேன். மற்றவர்கள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் கிளிநொச்சிக்கு மாற்றலாகிப் போனபின், கன்னம் தடவும் பதவியும் மேசையோடு சேர்ந்து எனக்கு வந்திருந்தது.

“இடது கொஞ்சம் அழுத்தம் போலக் கிடக்கு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவருடைய கண் விரிந்தது. “உமக்குக் கை இருக்கு ஐசே! நீர் இஞ்சை இருக்கவேண்டிய ஆள்.” உடனே ஒரு கொப்பியை விரித்து எதையோ எழுதிக்கொண்டார். பதினொரு வருட உத்தியோகத்தில் என்னை ஒருவர் அப்படிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

இவ்வளவு பாடும் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தபடி சொன்னார்.

அதற்கு முந்தின வருடம் நோர்வேயிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். நாலு வயதுப் பேத்தி. அதுவரை தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்த பிள்ளை. வான் கதவு திறந்ததும் இவர் பாய்ந்து தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சியிருக்கிறார். பிள்ளை வீரிட்டுக் கத்தி, “அப்பப்பா குத்துறார்!” என்று தாயிடம் ஓடிவிட்டது. பிறகு ஐந்து கிழமை தொண்டைமானாற்றில் இவருடைய வீட்டிலேயே நின்றும் கிட்ட வரவில்லை. திரும்பிப் போகிற அன்று வீட்டிலுள்ள எல்லோரையும் கொஞ்சியது, வான் ஓட்டி வந்தவரைக்கூடக் கொஞ்சியது. இவருக்கு முன்னால் வந்து மட்டும் கையை நீட்டியது.

“எனக்குக் கைலாகு தந்தது ஐசே! நாலு வயதுப் பிள்ளை, சொந்த அப்பப்பாவுக்குக் கைலாகு! நானென்ன, மாவட்டத்தை ஆளுற கச்சேரி ஜீ.ஏ.யோ?”

சோற்றைக் குழைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வருகிற ஆவணியில் அவர்கள் திரும்ப வருவார்கள். அதற்குள் ஒரு பிள்ளையின் கன்னத்தில் பட்டாலும் தெரியாத முகம் ஒன்று அவருக்கு வேண்டும். அதைத் தரக்கூடிய பிளேட் உலகத்தில் எங்கோ இருக்கிறது, கண்டுபிடிப்பது மட்டும்தான் பாக்கி என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

தெரிந்த எல்லாத் தேசத்துக்கும் சொல்லி அனுப்பினார். சுவிஸ் மச்சான் ஒரு பக்கற், கனடாவிலிருந்து வந்த பழைய சிநேகிதர் ஒரு பக்கற். மற்றவர்கள் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொக்கிளேற் கேட்பார்கள், இவர் பிளேட் கேட்டார். உள்ளூர்க் கடைகளில் தொங்கியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது வகை தேறியது.

இதில் ஒரு சிக்கல். பெயரைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும், ஜேர்மன் பிளேட் என்று தெரிந்தால் கன்னம் மரியாதை கொடுத்துவிடும் என்றார். ஆகவே பிளேட்டுகளை ஒன்பது கடித உறைகளில் போட்டுப் புனைபெயர் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பது என்றதும் எனக்கு நவக்கிரகம்தான் ஞாபகம் வந்தது. சூரியன் முதல் கேது வரை எழுதி ஒட்டினேன். எந்தக் கிரகம் எந்தப் பிளேட் என்ற பட்டியல் என்னிடம் மட்டும். பிளேட்டின் முதுகிலேயே கொம்பனிப் பெயர் அச்சடித்திருப்பதால், காலையில் மனைவி இரண்டு றேசர்களில் பூட்டித் தர, இவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். ஒரே சவுக்காரம், ஒரே பிறஸ், ஒரே அளவு சுடுதண்ணீர். செவ்வாயும் வெள்ளியும் முகம் வழிப்பதில்லை என்பதால் ஆராய்ச்சிக்கும் அந்த இரண்டு நாள் விடுமுறை.

கூருக்கு ஒரு மார்க், மிருதுக்கு ஒரு மார்க், எத்தனை நாள் நின்று பிடிக்கிறது என்பதற்கு ஒரு மார்க். எரிவை அளப்பதற்குத்தான் கருவி இல்லை. அதற்கும் வழி கண்டார். வழித்து முடிந்ததும் சாறு வழியும் பாதித் தேசிக்காயைக் கன்னத்தில் தேய்ப்பார். எரிவு அடங்குமட்டும் “முருகா” எத்தனை தரம் வருகிறது என்று குசினிக்குள் நின்று மனைவி எண்ணுவார். ராகுவுக்கு ஒன்பது முருகா. செவ்வாய்க்குப் பதினாலு. வியாழனுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பழக்கதோஷத்தில் வந்தது என்று மனைவி சாட்சி சொன்னாராம்.

ஒருநாள் பலூன் ஒன்றை ஊதிக்கொண்டு வந்து, யன்னலோரம் நின்று கன்னத்தில் மெல்ல மெல்லத் தேய்த்தார். “பிள்ளையின்ரை கன்னம் உப்பிடித்தான் ஐசே மெல்லிசாய் இருக்கும்” என்று எனக்கு விளக்கம். அது கீச்சுக் கீச்சென்று கத்தி, கடைசியில் பெருஞ் சத்தத்தோடு வெடித்தது. உள்ளறையிலிருந்து மேலதிகாரி ஓடிவந்தார்.

“என்ன, ஆற்றையும் பிறந்தநாளோ?”

“இல்லை சேர், சோதினை. சனி பெயில்” என்றார் அரைக்கன்னத்தார், சத்தம் குறையாமல்.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்தக் கிரகப் பெயர்களால் வந்த வினை ஒன்று உண்டு. காணி விஷயமாக வந்த பெரியவர் ஒருவர் வாங்கிலில் காத்திருந்தார். எங்கள் இருவருடைய உரையாடல் அவருடைய காதில் விழுந்திருக்கிறது. “வியாழன் வலப்பக்கம் நல்லாய் இருக்கு, சனிதான் மூண்டாம் நாளும் வருத்துது” என்று ஒரு அரசாங்க உத்தியோகத்தர் நெற்றி நிறையத் திருநீற்றோடு சொன்னால் கேட்கிறவர் என்னதான் நினைப்பார்? அடுத்தநாள் மகளின் சாதகக் குறிப்போடு வந்து நின்றார். நான் மேசையில் இல்லாத நேரம், நடந்ததைப் பக்கத்து மேசைக்காரர்தான் பிறகு சொன்னார். இவரோ கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஐயா, பிள்ளைக்கு ஏழிலை செவ்வாய்.”

“செவ்வாயோ! அதைக் கிட்டவும் எடுக்காதையுங்கோ. முந்தநாள் நாடியிலை ரத்தம் காட்டிப்போட்டுது.”

“ஐயோ, அப்ப என்ன ஐயா செய்யிறது?”

“பயப்பிடாதையுங்கோ. மூண்டு தரம் போனால் அதின்ரை கூர் அடங்கியிடும். பிறகு பச்சைப்பிள்ளை மாதிரி.”

மூன்று சம்பந்தம் குழம்பியிருந்த வீடு அது என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியவர் கைகூப்பிவிட்டுப் போனார். நாலாவது சம்பந்தம் பொருந்திவிட்டது. பெட்டி நிறையப் பயற்றம் பணியாரத்தோடு வந்து அரைக்கன்னத்தாரின் காலில் விழாத குறை. இவர் விஷயம் விளங்காமலே வாங்கிக்கொண்டு, “சனம் இப்பதான் ஐசே பிளேட்டைப் பற்றி யோசிக்கத் துவங்கியிருக்கு” என்றார். நான் இரண்டு பணியாரத்தை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் இறுதிச் சுற்று. சுக்கிரனும் வியாழனும் மட்டும் மிஞ்சின. ஆறு நாள் கன்னம் மாற்றி மாற்றி வழித்தார், நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். சந்தேகமே இல்லை, வியாழன். கந்தோர் முழுக்க என் மேசையைச் சுற்றி நிற்க, பட்டியலை விரித்தேன். சுக்கிரன், சுவிஸ் மச்சான் அனுப்பியது. வியாழன், எங்கள் பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கடையில் கச்சான் கடலைச் சரைகளுக்குப் பக்கத்தில் தொங்குகிற பிளேட்.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தினார். “உலகம் முழுக்கச் சுத்திப்போட்டு வந்து பஸ் ஸ்ராண்டிலை நிக்கிறம். சுத்தாட்டில் இது தெரிஞ்சிருக்குமோ ஐசே?” கடையில் தொங்கிய அட்டையை முழுதாக வாங்கினார். “பிள்ளை வாற அண்டைக்கு நீர் வீட்டை வரவேணும். எனக்கொரு சாட்சி வேணும்” என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

பிள்ளை வர இன்னும் பதினாறு நாள் இருக்கையில் அவருடைய பெரியப்பாவின் மகன் இறந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சாவுக்கு இவருக்கும் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உண்டு. முறையாகப் பார்த்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் முகம் வழிக்கக்கூடாது. இப்போதெல்லாம் பலர் எட்டாம் நாள் நடக்கும் எட்டுச் செலவோடு வழித்துவிடுகிறார்கள். அதுவும் இறந்தவரோடு இவர் எல்லை வேலிச் சண்டையில் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. ஆகவே எட்டு முடிந்து கந்தோருக்கு வந்தவரைப் பார்த்து நாங்கள் திடுக்கிட்டுப்போனோம். முகம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக முள்ளுப்பற்றை.

“அண்ணை, எட்டு முடிஞ்சுதுதானே. வழியுங்கோவன். ஆர் என்ன சொல்லப் போகினம்?”

“ஒருத்தரும் சொல்லாயினம்.”

“அவரோடை நீங்கள் கதைக்கிறதும் இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கதைக்காமல் விட்டது வேலிக்கு ஐசே. துடக்கு அண்ணைக்கு. சின்னனிலை என்னை சைக்கிள் பாரிலை வைச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனுசன். சண்டை பிடிச்சனான், இல்லையெண்டில்லை. அண்ணையோடைதான் பிடிச்சனான், ஆரோ எவரோடையோ இல்லை.”

“அப்ப பேத்தி?”

“வரட்டும். எட்ட நிண்டு பாக்கிறன்.”

எட்டு மாதம் நான் தடவிய கன்னம் அது. எனக்கே அழுகை வரும்போல இருந்தது. மனிதர் ஒரு சொல் முறைப்பாடு இல்லாமல் கோப்பை விரித்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

கொடுத்த சத்தியத்துக்காகப் பதினாறாம் நாள் காலையில் தொண்டைமானாற்றுக்குப் போனேன். வான் வந்து நின்றது. மகன், மருமகள், பெட்டிகள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் சட்டை. எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க, இவர் மட்டும் கேற்றடியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“கிட்டப் போங்கோ அண்ணை.”

“வேண்டாம் ஐசே. வழிச்ச முகத்துக்கே அண்டைக்கு அந்தக் கத்து.”

பிள்ளையே வந்தது. அண்ணாந்து பார்த்தது.

“அப்பப்பா, உது என்ன?”

“தாடி, அம்மாச்சி. குத்தும். தள்ளி நில்லுங்கோ.”

“தொடட்டோ?”

அவருக்கு மறுக்கவும் தெரியவில்லை. மண்ணில் குந்தியிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிள்ளை முதலில் ஒரு விரலால் தொட்டது. பிறகு உள்ளங்கையால் தடவியது. இரண்டு நாள் முள்ளுத்தான் குத்தும், இரண்டு கிழமை வளர்ந்த மயிர் வளைந்து கொடுத்துவிடும் என்பது ஒன்பது பிளேட்டையும் கரைத்துக் குடித்த எங்கள் இருவருக்கும் எட்டு மாதத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

“அம்மா, குத்தேல்லை! பூனைக்குட்டி மாதிரிக் கிடக்கு!” என்று கத்திய பிள்ளை, இரண்டு கையாலும் தாடியைப் பிடித்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கொஞ்சியது. பிறகு முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

அவர் அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

“ஐசே, பாத்துக்கொண்டுதானே நிக்கிறீர்?”

“ஓம் அண்ணை. பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்.”

அது பொய். கண் நிறைந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதை அன்றைக்கும் அவரிடம் சொல்லவில்லை, இன்றைக்கும் நேரில் சொல்ல வாய் வராமல்தான் இப்படிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.