சீல் மாமாவின் பன்னிரண்டாவது புத்தகம்

அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்கள் உலகத்தில் ஏராளம். உள்ளே திறந்து பார்த்து வாங்குகிறவனை வீட்டுக்குள்ளேயே சேர்க்கக் கூடாது என்று சொன்ன மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் சீல் மாமா ஒருவர்தான்.

"தொறந்து பாத்துட்டு வாங்குனா அதுல இன்னா நைனா கீது? அதுக்குப் பேரு வாங்குறது இல்ல, வேவு பாக்குறது" என்பார்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் எங்கள் கன்டெய்னர் யார்டு. நான் டாக்குமென்ட் பிரிவில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். மாமா கேட்டில் வெயிலுக்கு அடியில் நிற்பார். கன்டெய்னர் கதவில் பெரிய ஆணி மாதிரி ஒரு சீல் அடித்திருப்பார்கள், அதில் நம்பர் இருக்கும், வெட்டினால்தான் கழன்று வரும். டிரைவர் கொடுக்கிற பேப்பரில் அதே நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, சீலை ஒரு இழுப்பு இழுத்து, ஆடாமல் இருந்தால் "போ" என்று கையைக் காட்டுவது மாமாவின் வேலை. முப்பது வருஷமாக அதைத்தான் செய்தார். அத்தனை வருஷத்தில் ஒரு கன்டெய்னரின் கதவையும் அவர் திறந்து பார்த்ததில்லை. அது வேறு ஆட்களுடைய வேலை.

ஒரே வேலையை அவ்வளவு நாள் செய்தால் அது மனிதனுக்குள் இறங்கிவிடும் போலிருக்கிறது. மாமா கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் பார்ப்பார். டீக்கடை பெஞ்ச், பஸ் கம்பி, என் சட்டைப் பொத்தான் எதுவும் தப்பாது. கை குலுக்கினால்கூட கடைசியில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. எம்.கே.பி. நகர் வீட்டிலிருந்து கொண்டுவருகிற டிபன் பாக்ஸை மதியம் வரை திறக்க மாட்டார். காலையிலேயே காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, "இன்னிக்கி புளிசாதம்" என்று அறிவிப்பார். மதியம் திறந்தால் தயிர்சாதம் இருக்கும். அதற்காக மறுநாள் ஆட்டிப் பார்ப்பதை விட்டுவிட மாட்டார்.

இப்படிப்பட்டவரை வாசிப்புச் சவாலில் சேர்த்த புண்ணியம் ஷாஹிதாவைச் சேரும். ஷாஹிதா பில்லிங் பிரிவு. வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது நின்றுகொண்டே நாவல் படித்து, ஸ்டாப்பைத் தவறவிட்டு, எண்ணூர் வரை போய்த் திரும்பி வருகிற ரகம். ஒரு வருஷம் ஜனவரியில் வாட்டர் கேனுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினாள். மாதம் ஒரு தலைப்பு. அந்தத் தலைப்புக்கு ஏற்ற புத்தகம் ஒன்றை அவரவர் தேர்ந்தெடுத்துப் படித்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதமும் விடாமல் முடித்தவர்களின் பெயரை போர்டில் எழுதுவோம் என்றும் போட்டிருந்தாள்.

அந்த போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே எண் போட இடம் விட்டு, வாட்டர் கேன் பக்கத்தில் யாரோ ஒரு காலத்தில் மாட்டிய தகர போர்டு அது. எண்ணை மாற்ற எல்லோருக்கும் மறந்துபோய், நாங்கள் பல வருஷமாக அதே நாளில் விபத்தில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். மேனேஜரிடம் கேட்டு அதன் மீது வெள்ளை அடித்து வாங்கிக்கொண்டாள் ஷாஹிதா.

முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் சீல் மாமா. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"வர்ற டிசம்பரோட எனுக்கு ரிட்டயர்மென்ட்டும்மா. இந்தக் கம்பெனில என் பேரு எங்கயும் இல்ல. சீலுல நம்பரு கீது. கையெழுத்து போட்டா அதுக்குக் கீழ 'கேட்'னு எழுதிக்கிறாங்க. நீங்கல்லாம் மாமான்றீங்க. ஒரு எடத்துலயாவது பேரு வரட்டுமே."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அதாவது, பயணம் என்கிற முதல் மாதத் தலைப்புக்கு அவர் புத்தகம் வாங்கி வரும் வரை.

மாமா புத்தகம் வாங்கிய இடம் டோல்கேட் பஸ் ஸ்டாப் அருகே ஒரு பிளாட்பாரக் கடை. அந்தக் கடைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டை கிழிந்துபோன பழைய புத்தகங்களுக்குப் போன வருஷத்துக் காலண்டர் படத்தை வெட்டி ஒட்டி, பாலிதீன் கவரில் போட்டு, வாயில் ஸ்டேப்ளர் பின் அடித்து ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார். உள்ளே என்ன என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது. மாமா அந்தக் குவியலைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்துவிட்டவர் போல ஆகிவிட்டார். பின் என்றால் சீல். படம் என்றால் டாக்குமென்ட். வேறு என்ன வேண்டும்?

பயணத்துக்குக் கப்பல் படம் போட்ட புத்தகத்தை எடுத்தார். ஆபீசுக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, கன்டெய்னர் சீலை வெட்டுகிற ஆளுயரக் கட்டரால் அந்தக் குண்டூசியளவு பின்னை வெட்டினார். உள்ளே தையல் கலை. ரவிக்கை முதல் பள்ளிக்கூடச் சீருடை வரை.

"வேற வாங்கிக்கங்க மாமா" என்றேன்.

"சீல வெட்டியாச்சு நைனா. வெட்டிட்டா அது நம்ம சரக்கு. திருப்பி அனுப்பக்கூடாது."

சனிக்கிழமை எழுந்து நின்று சொன்னார். "நூலு உருளையிலேர்ந்து கெளம்புது. மேல ஏறி ஒரு வளையத்துல பூந்து, கீழ எறங்கி, ஊசிக் கண்ணுல நொழைஞ்சி, துணிக்கு அடியில போய் இன்னொரு நூல பாக்குது. ரெண்டும் சேந்து அப்பால பிரியறதே இல்ல. இது பயணம் இல்லாம இன்னா?" ஷாஹிதா சிரித்துவிட்டு டிக் அடித்தாள்.

பிப்ரவரிக்குக் காதல். மாமா எடுத்த அட்டையில் ரோஜாப்பூ, உள்ளே வாத்து வளர்ப்பு. வாத்து ஒழுங்காக அடைகாக்காது என்பதால் வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில் வைப்பார்களாம். அதைத்தான் சொன்னார். "குஞ்சுங்க பொறந்து ரெண்டு நாள்ல தண்ணில எறங்கிப் பூடுது. கோழிக்கு நீச்சல் தெரியாது. கரையிலயே இப்டிக்கா அப்டிக்கா ஓடிகினு கத்துது. அதுங்க திரும்பிக்கூடப் பாக்கல. மறுபடி முட்டை வெச்சா மறுபடியும் ஒக்காருது, அந்தக் கோழி." எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், தூசி என்று சொல்லிவிட்டு.

மர்மத்துக்கு அவர் எடுத்தது பாழடைந்த பங்களா படம். உள்ளே வீட்டு வயரிங். பல்ப் எரியவில்லை, சந்தேகம் முதலில் ஸ்விட்ச் மேல், பிறகு ஹோல்டர் மேல், பிறகு ஃபியூஸ் மேல் என்று கொண்டுபோய், குற்றவாளி சுவருக்குள் ஒளிந்திருந்த ஒயர்தான் என்று முடித்தபோது கை தட்டினோம். நடுவில் ஒரு மாதம், சமையல் என்ற தலைப்புக்குக் காய்கறிப் படம் போட்டதை எடுத்தபோது, உள்ளேயும் நிஜமாகவே சமையல் இருந்துவிட்டது. மாமா முகம் தொங்கிப்போயிற்று. "நமக்குன்னு ஒரு வேலையுமே வெக்கல நைனா" என்று நொந்துகொண்டார்.

இப்படியே மாதங்கள் ஓடின. தகராறு கணக்குப் பிரிவு குமரேசனிடமிருந்து வந்தது. குமரேசன் தலையணை சைஸ் புத்தகங்களாகத் தேடிப் படிப்பவர், அடிக்கோடு போடுவதற்கு ஸ்கேல் வைத்திருப்பவர். "நான் நாயா பேயா படிக்கிறேன். இவரு வாத்துக் கதை சொல்லி பாஸாயிகினு கீறாரு. தலைப்பு எதுக்கு அப்புறம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

டிசம்பர் தலைப்பு வாழ்க்கை வரலாறு. தாளை ஒட்டிவிட்டு ஷாஹிதா நேராக கேட்டுக்குப் போனாள். "மாமா, இதான் கடைசி. இந்த தபா தலைப்புக்கு சம்பந்தமில்லாத புக்கு வந்துச்சின்னா கணக்குல சேக்க மாட்டேன். பேரு வராது. கோச்சிக்காதீங்க."

"உன் கேட்டு, உன் ரூலு. கரீட்டா சொன்ன" என்றார் மாமா.

அவர் பெயர் வராமல் போய்விடுமே என்று நான் அன்று சாயங்காலம் அவர் கூடவே டோல்கேட்டில் இறங்கினேன். நல்ல அட்டை போட்ட, பெயர் தெரிந்த வாழ்க்கை வரலாறுகள் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. குவியலில் கையை விட்டார்.

"மாமா, ஒரே ஒரு பின்ன மட்டும் லேசா பிரிச்சி எட்டிப் பாருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"முப்பது வருசம் ஒரு கதவையும் தொறந்து பாக்காதவன், ஒரு புக்குக்காண்டி தொறந்தேன்னு வெச்சிக்க. நாளைக்கி அந்தக் கன்டெய்னருங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

துணிக்கடைக் காலண்டரில் வந்த, கோட்டும் மீசையுமாக ஒரு பெரிய மனிதர் படம் போட்ட புத்தகத்தை எடுத்து ஆட்டினார், இழுத்தார், "கனமான ஆளு" என்றார், வாங்கிவிட்டார். மறுநாள் கட்டர் வந்தது. பின் தெறித்தது. உள்ளே, முதுகுவலிக்கு எளிய உடற்பயிற்சிகள். பக்கத்துக்குப் பக்கம் பனியன் போட்ட ஒரு மனிதர் குனிந்தும் நிமிர்ந்தும் நின்ற போட்டோக்கள். அட்டையில் இருந்த கோட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடைசிச் சனிக்கிழமை மாமா எழுந்து நின்றார். "டாக்குமென்ட்டு ஒண்ணு, சரக்கு வேற. மொதல்லயே சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா இந்தப் பனியன்காரரப் பாருங்க. மொத போட்டோல தொப்பை கீது, சிரிப்பு இல்ல. யாரோ பின்னாடி நின்னு மெரட்டுறாப்ல நிக்கிறாரு. நடுவுல பனியன் மாறுது, தோள்ல கிழிஞ்சிருந்தது போயி புதுசு வருது. கடைசி போட்டோல தொப்பை கம்மி, வாய் நெறைய சிரிக்கிறாரு. நடுவுல அந்த ஆளுக்கு இன்னாவோ நடந்துகீது. இன்னா நடந்துச்சின்னு இதுல ஒரு வரி இல்ல. ஆனா நடந்துகீது. அது வரலாறு இல்லியா?"

குமரேசன் வேண்டாம் என்று தலையாட்டினார். ஷாஹிதா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினாள். பிறகு, "பேரு தெரியாத ஆளுக்கு வரலாறுன்னு எப்டி மாமா ஒத்துக்கறது?" என்றாள்.

"பேப்பருல ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னா நானே உள்ள வுட மாட்டேன். நீ எப்டி வுடுவ? பரவால்ல, அத்தோட வுடு" என்று சொல்லிவிட்டு மாமா கேட்டுக்குப் போய்விட்டார். வழியில் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையோடு அவருக்கு வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஷாஹிதா உள்ளே வரவில்லை. கேட்டிலேயே நின்றுவிட்டாள். கையில் அந்த முதுகுவலிப் புத்தகம். பின்னால் டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என்ன கலாட்டாவோ என்று நானும் குமரேசனும் ஓடினோம்.

"மாமா, புதுப் பனியன் வர்ற போட்டோவ நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன். இன்னா?"

"கைய பாத்தீங்களா? அதுக்கு முன்னாடி வெரல்ல ஒண்ணும் இல்ல. அதுலேர்ந்து மோதிரம் கீது. கடைசி வரைக்கும் கீது. ஞாயித்துக்கெழம பூரா சோறாக்காம இதத்தான் பாத்துகினு இருந்தேன்."

மாமா புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். "கல்யாணம் ஆயிட்ச்சி இவுருக்கு" என்றார் மெதுவாக. "அதான் சிரிக்கிறாரு. நம்பர் நம்பரா பாத்தவன் மோதிரத்த வுட்டுட்டேனே."

குமரேசன் புத்தகத்தைப் பிடுங்கி, தன் ஸ்கேலை வைத்து அளக்காத குறையாக ஆராய்ந்தார். "கல்யாணத்துக்கு அப்பால தொப்பை கொறைஞ்சிகீது. இந்த மாரி எங்கயும் நடந்து நான் கேட்டதில்ல. எழுதி வெக்க வேண்டிய வாழ்க்கைதான்" என்றார். ஷாஹிதா அங்கேயே, லாரிக்காரர்களின் திட்டுக்கு நடுவில், பன்னிரண்டாவது டிக்கை அடித்தாள்.

மறுநாள், அவருடைய கடைசி நாள், கன்டெய்னருக்கு நம்பர் எழுதுகிற பெயின்டரைக் கூட்டிவந்தோம். பன்னிரண்டையும் முடித்தவர்கள் நாலைந்து பேர். எங்கள் பெயர்களை எழுதிவிட்டுப் பெயின்டர் திரும்பி, "மாமா பேரு இன்னா?" என்றார். நான் ஷாஹிதாவைப் பார்த்தேன். ஷாஹிதா குமரேசனைப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலச் சொன்னார். நல்ல பெயர். நீல பெயின்டில் எழுதி முடித்ததும் கிட்டே போய், ஆள்காட்டி விரலால் கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஈரப் பெயின்ட் விரலோடு வந்தது. பெயின்டர் திட்டிக்கொண்டே மறுபடி எழுதினார். மாமா அந்த நீல விரலைத் துடைக்காமலே பஸ் ஏறினார்.

சவால் இன்றைக்கும் நடக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் தண்ணீர் பிடிக்கும்போது போர்டில் முதல் வருஷத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டு, "கடைசில ஒரு பேரு கீதே, அது யாரு?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவரை நாங்கள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, இனிமேலும் அது வாயில் வராது. "அதுவா, எங்க சீல் மாமா" என்றுதான் சொல்கிறேன். அந்த 'எங்க' மட்டும், சொல்லும் ஒவ்வொரு தடவையும், தானாக முன்னால் வந்து நின்றுகொள்கிறது.