எண்பத்துமூன்று உபகரணங்களும் ஒரு பட்டுப்போன கிளையும்

மரம் வெட்டுகிறவனுக்கு மூன்று சாமான்கள் வேண்டும். ஒரு நல்ல ரம்பம், ஒரு நல்ல கயிறு, கீழே நின்று அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் ஆள். முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது என்பதால் என் மனைவியின் தம்பியை வைத்துக்கொண்டேன். வேறு எந்த வேலையும் அவனுக்கு ஒத்துவந்ததில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்தால் விடமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் விடமாட்டான். மச்சான் என்று ஒருவன் இருந்தால் அப்படி இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய வேன் உண்டு. பின்கதவு மூடாது, கயிறு போட்டுக் கட்டுவோம். பத்தொன்பது வருஷமாக இந்த வேனில் போய், மேலே ஏறி, அறுத்து, கிளையைக் கட்டி இறக்கி, நானும் முழுசாக இறங்கி வந்திருக்கிறேன். யார் வீட்டுப் பூந்தொட்டியும் உடைந்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு வீட்டு ஆன்டெனா வளைந்தது. அதுவும் மச்சான் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டதால்.

இப்படிப்பட்ட எங்களுக்கு ஆலோசனை தேவைப்படுகிறது என்று ஒருநாள் அரசாங்கம் கண்டுபிடித்தது.

விஷயம் தையல்காரம்மாவிடம் ஆரம்பித்தது. அவர் தன் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, அதில் மெஷினை வைத்துத் தைக்கிறவர். அந்தக் கொட்டகைக்கு நேர் மேலே, ரோட்டோர மரத்தின் கிளை ஒன்று பட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. என் இடுப்பளவு பருமன். காற்றடித்தால் முனகும். அது முனகும்போதெல்லாம் அவர் மேலே பார்ப்பார், கை மட்டும் தைத்துக்கொண்டே போகும். அந்த மாதம் தெருவில் பாதிப் பேருடைய சட்டையில் இடது கை வலது கையைவிட நாலு விரல்கடை நீளமாக இருந்தது.

"அண்ணே, அது என் தலையில விழுறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க. பொழப்பே இந்தக் கொட்டகையிலதான் இருக்கு" என்றார்.

"அரைநாள் வேலைம்மா. கவலைப்படாதீங்க" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன். ரோட்டோர மரம் என்பதால் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாகப் போகிற அலுவலகத்துக்குப் போனால், ஜன்னல் மூடியிருந்தது. பக்கத்து அறையைக் கைகாட்டினார்கள். அதன் வாசலில் புதிய பலகை: 'மரப்பணியாளர் உபகரண மற்றும் வாகன ஆலோசனை மையம்.' உள்ளே ஒரு பிளாஸ்டிக் செடி. அதன் பக்கத்தில் ஆலோசகர்.

ஆலோசகரின் கால்சட்டையில் பதினாறு பைகள் இருந்தன. பதினாறும் காலி. இடுப்பில் மரம் ஏறுகிறவர்கள் மாட்டும் இரும்புக் கொக்கி ஒன்று பளபளத்தது. அதில் அவருடைய ஸ்கூட்டர் சாவி தொங்கியது.

"உக்காருங்க. உங்களுக்கு எங்களோட ஆலோசனையைச் சொல்லப்போறேன்."

"உத்தரவா சார்?"

"சேச்சே. வெறும் ஆலோசனை. கேட்டாலும் கேக்கலாம், கேக்காமலும் இருக்கலாம். முழுக்க உங்க விருப்பம்."

"கேக்கலைன்னா?"

"அனுமதி கிடைக்காது."

கேட்பது என்று என் முழு விருப்பத்தோடு முடிவு செய்தேன்.

"கடந்த பத்து வருஷ விபத்துகளை ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்" என்று அவர் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார். "மரத்திலேர்ந்து விழுந்தவங்க அத்தனை பேரும் அதுக்கு முன்னாடி மரத்துல ஏறியிருக்காங்க. ஏறாம விழுந்தவர் ஒருத்தர்கூட இல்லை."

மச்சான் வாயைப் பிளந்தான். "பாத்தீங்களா மாமா, படிச்சவங்க படிச்சவங்கதான்."

"ஆகவே ஆலோசனை எண் ஒன்று: ஏறாதீர்கள்."

"ஏறாம எப்படி சார் வெட்டுறது?"

"அதுக்குத்தான் ஆலோசனை எண் இரண்டிலிருந்து எண்பத்துநாலு வரைக்கும்" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

மொத்தம் எண்பத்துமூன்று உபகரணங்கள். காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி. காற்று இல்லாவிட்டால் அந்தக் கருவியைச் சோதிக்க ஒரு மின்விசிறி. பேசிக்கொள்ள இரண்டு காதுக்கருவி. நானும் மச்சானும் பத்தொன்பது வருஷமாக 'பிடி', 'விடு' என்ற இரண்டே வார்த்தைதான் பேசியிருக்கிறோம் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. படிவம் நிரப்ப மடக்கு மேசை. மேசை ஆடினால் அடியில் வைக்க அட்டை. அடிபட்டவரைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர். இவ்வளவையும் அடுக்க வாகனத்தில் உயரமான அலமாரி. அதற்கு எட்ட ஓர் ஏணி. ஏணியை வைக்கும் இடம், அந்த அலமாரியின் மேல்தட்டு.

நான் பட்டியலை இரண்டு முறை படித்தேன்.

"சார், ரம்பத்தைக் காணோமே?"

ஆலோசகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது பாதுகாப்பு உபகரணப் பட்டியல். ரம்பம் கூர்மையான பொருள். அது இதுல எப்படி வரும்?"

"இவ்வளவையும் நாங்க எங்கே போய் வாங்குறது?"

"நீங்க ஏன் வாங்கணும்? மாதிரி வாகனம் ஒண்ணு எல்லாத்தோடயும் தயாரா நிக்குது. முதல் சோதனை உங்க கிளைதான். அதிர்ஷ்டக்காரர் நீங்க."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஏனென்றால் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். ஆரஞ்சு நிறம், முகத்துக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. வீட்டுக்கு வந்து அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். வாளியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்!

வேலை நாள் வந்தது. மாதிரி வாகனம் ஒரு சின்ன வீட்டளவு இருந்தது. முதுகில் மடங்கிய நீளமான இரும்புக் கை. அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு தொட்டி. எண்பத்துமூன்றையும் ஏற்றிய பிறகு உள்ளே இடமில்லாததால் இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். டிரைவர் ஒருவர் மட்டும் ஒரு பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஆலோசகர், நான், மச்சான் மூவரும் பின்னால் நடந்தோம். எங்களுக்கும் பின்னால் என் பழைய வேன், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, ஊர்ந்து வந்தது. ரம்பமும் கயிறும் அதில்தான். கூர்மையான பொருளை மாதிரி வாகனத்தில் ஏற்ற ஆலோசகர் சம்மதிக்கவில்லை.

தெருமுனையில் வாகனம் நின்றுவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் மரங்கள். நல்ல மரங்கள், பச்சைப்பசேல் என்று மேலே ஒன்றோடொன்று கைகோத்து நின்றன. வாகனத்தின் தலை கிளைகளில் இடித்தது, தோள் அடிமரங்களில் இடித்தது.

"வழியில இருக்கிறதை எடுத்துடுங்க" என்றார் ஆலோசகர்.

"சார், இதெல்லாம் உயிரோட இருக்கிற மரம்!"

"நான் வேணாம்னு சொல்லலையே. வண்டிக்கு வழி வேணும்னுதான் சொல்றேன்."

"இதுக்கு அனுமதி?"

"இது மரம் வெட்டுற வேலை இல்லை. வாகனத்துக்கு வழி ஏற்படுத்துற வேலை. வேற பிரிவு. அங்கே அனுமதி தேவையில்லை."

"அப்போ எதை வெச்சு வெட்டுறது? உங்க வண்டியோட கையை நீட்ட முடியுமா?"

"நீட்ட ஆறு மீட்டர் காலி இடம் வேணுமே. மரம் இருக்கே."

ஆகவே அந்த மரங்களை என் பழைய ரம்பத்தால், என் பழைய கயிற்றால், நான் மேலே ஏறி, மச்சான் கீழே பிடிக்க வெட்டினோம். ஏறலாமா என்று கேட்டேன். அவை ஆலோசனைக்கு உட்பட்ட மரங்கள் அல்ல, தாராளமாக ஏறலாம் என்றார். மூன்று நாள் ஆயிற்று. பதினொரு மரம். ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்து இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தெருக்காரர்கள் தடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வாகனத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். தெருச் சங்கத் தலைவர் என் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு மரம் விழும்போது விரலை நீட்டி ஏதோ உத்தரவிடுவதுபோல நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் தெருவில் ஏழு பேர் ஹெல்மெட்டோடு பால் வாங்கப் போனார்கள்.

நான்காம் நாள் பன்னிரண்டாவது மரத்துக்கு வந்து சேர்ந்தோம். பட்டுப்போன கிளை கொட்டகைமேல் அப்படியே தொங்கியது. தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"வந்துட்டீங்களாண்ணே! அதான் பதினொண்ணு வெட்டிட்டீங்களே, அதே ரம்பத்தால இந்தக் கிளையையும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க."

"அங்கீகாரம் இல்லாத ரம்பம்மா அது" என்று ஆலோசகர் குறுக்கே வந்தார். "உங்க உயிரோட நாங்க விளையாட முடியாது. வாகனம்தான் செய்யணும்."

வாகனம் தன் கையை நீட்டுவதற்கு முன், நான்கு இரும்புக் கால்களை ஊன்ற வேண்டும். கால் ஊன்றச் சமதளம் வேண்டும். ஆலோசகர் மட்டம் பார்க்கும் கருவியோடு, உபகரணம் நாற்பத்தாறு, தெரு முழுக்கக் குனிந்து பார்த்தார். ரோடு சரிவு. நடைபாதை மேடு. வெட்டிய இடமெல்லாம் அடிக்கட்டை. கடைசியில் ஓர் இடத்தில் கருவியின் குமிழி நடுவில் நின்றது. சிமென்ட் பூசிய, வழவழப்பான, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லாத தரை.

தையல்காரம்மாவின் கொட்டகைக்குள்.

"கொட்டகையைக் காப்பாத்தத்தானே சார் கிளையை வெட்டச் சொன்னேன்?" என்று அவர் கத்தினார்.

"கிளையை வெட்டத்தானேம்மா வண்டி. வண்டி நிக்கத்தானேம்மா இடம். ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாருங்க, எங்கேயாவது தப்பு இருக்கா?"

அவர் ஒவ்வொன்றாக யோசித்தார். எங்கேயும் தப்பு இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன். உபகரணம் முப்பத்தொன்று, புது பூட்ஸ். அந்தக் கணம் அதைக் கழற்றி எறிந்திருந்தால் நான் மனுஷன். இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மெஷினையும் துணிகளையும் தெருவில் எடுத்து வைத்தார்கள். தகரத்தைப் பிரித்தார்கள், தூண்களைச் சாய்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் கொட்டகை இருந்த இடத்தில் வெறும் தரை. வாகனம் பின்வாங்கி உள்ளே வரத் திரும்பியது.

"நிறுத்துங்க!" என்றார் ஆலோசகர்.

அவர் மடக்கு மேசையை விரித்து, அடியில் அட்டை வைத்து, கோப்பைத் திறந்தார். எல்லாரும் கேட்கும்படி வாசித்தார்: "மனுதாரரின் கோரிக்கையாவது, மேற்படி கிளை மேற்படி கொட்டகையின்மீது விழும் அபாயத்தை நீக்கித் தருவது. தற்சமயம் மேற்படி கொட்டகை இல்லாதபடியால், அதன்மீது எதுவும் விழும் அபாயமும் இல்லை. குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. எவரும் மரத்தில் ஏறவில்லை. எவருக்கும் காயமில்லை."

"கிளை அங்கேயே இருக்கே சார்?" என்றான் மச்சான்.

"கிளையைப் பத்தி யாராவது புகார் குடுத்திருக்காங்களா? கொட்டகையைப் பத்தித்தானே புகார்?"

தெரு கைதட்டியது. சங்கத் தலைவர் ஆலோசகருக்குத் துண்டு போர்த்தினார். வாகனம் காலையே ஊன்றாமல், கையையே நீட்டாமல், எண்பத்துமூன்று உபகரணங்களும் அலுங்காமல் திரும்பிப் போயிற்று. ஒரே தெருவில் பன்னிரண்டு மரப் பிரச்சினைகளைத் தீர்த்தவர் என்று ஆலோசகருக்குப் பதவி உயர்வு வந்தது.

அதற்கு அடுத்த வாரம் வெயில் வந்தது. தெருவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மரம். பட்ட கிளை ஒன்றைத் தவிர மற்றக் கிளைகளில் நல்ல இலை. ஆகவே பத்து மணிக்கெல்லாம் தெருவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதன் அடிக்கு வந்துவிடும். தையல்காரம்மாவும் மெஷினை அங்கேதான் போட்டிருந்தார், பட்ட கிளைக்குச் சரியாக நேர்கீழே.

மையம் உடனே விழித்துக்கொண்டது. அடுத்த ஆலோசனை வந்தது: அந்த மரத்தின் பத்து மீட்டர் சுற்றுவட்டத்தில் உட்காருபவர்கள் அனைவரும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை அணிவது நல்லது. அணியாவிட்டால் உட்கார அனுமதியில்லை. சட்டைகளைத் தைக்கும் வேலை தையல்காரம்மாவுக்கே கொடுக்கப்பட்டது. எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கிளைப் பார்வையாளர். தினமும் காலையில் வந்து மேலே பார்த்து, 'கிளை இன்றும் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் துணைப் பார்வையாளர். நான் பார்த்தேன் என்பதை அவன் பார்த்துக் கையெழுத்துப் போடுவான்.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. தெருவில் யாரும் வராத நேரமாகப் பார்த்து, பழைய ரம்பத்தோடு போனேன். தையல்காரம்மா மட்டும் மெஷினில் இருந்தார்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. பத்தே நிமிஷம், நான் ஏறி அறுத்துத் தள்ளிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் பதறி எழுந்தார். "ஐயையோ, வேணாம்ணே! கிளை போயிட்டா சட்டையை யார் போடுவா? எண்பது சட்டை பாக்கி இருக்கு. நீங்கதான் காலையில என்னத்தை எழுதுவீங்க?"

மேலே கிளை முனகியது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். இன்றும் உள்ளது.

"வந்ததுதான் வந்தீங்க, அளவு குடுத்துட்டுப் போங்க. உங்க சட்டை இன்னும் தைக்கலை" என்று நாடாவை எடுத்தார். நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். மார்பை அளந்தார், தோளை அளந்தார். நல்ல தொழில்காரர், ஆளின் வேலைக்கு ஏற்றபடி தைக்கிற பழக்கத்தை விடவில்லை.

"இடுப்புல ரம்பம் தொங்கப்போட ஒரு பட்டி வெக்கட்டுமாண்ணே?"

ரம்பத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"வேணாம்மா. பேனா குத்த ஒரு பை வெச்சிடுங்க."