எண்களின் மனசு நோகாமல் கணக்குப் போட்டவர்

எண்களுக்கு மனசு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டவர் இந்த உலகத்திலேயே எங்கள் லாக் மச்சான் ஒருத்தர்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் ஜவுளிக்கடைக்கு நான் வேலைக்குப் போகும் காலை ரயிலில், எலெக்ட்ரிகல் கடைக்குப் போகிற அவரும் மடியில் லாகரிதம் புத்தகத்தை விரித்துக்கொண்டு வருவார். பெற்றவர்கள் வைத்த பேர் எதுவோ, பெட்டி முழுக்க அவர் லாக் மச்சான்.

வயது முப்பத்திரண்டு. டிப்ளமாவில் கணக்கு மட்டும் ஆறு தடவை போய்விட்டது. அதை முடித்தால்தான் கம்மாபுரத்து மாமா பெண் கொடுப்பாராம். பெண்ணுக்கும் இவர்மேல் உயிர். "ஏழாவது தடவையும் வுட்டா வேற மாப்ள பாத்துருவேன்னு மாமா சொல்லிட்டாருப்பா."

விஷயம் தெரியாதவர் இல்லை. "பத்த எத்தன தடவ போட்டுப் பெருக்குனா அந்த நம்பர் வருதோ, அதான் லாக். நூறுக்கு ரெண்டு, ஆயிரத்துக்கு மூணு. ரெண்டையும் பெருக்குனா லட்சம், அதுக்கு அஞ்சு. மலையாட்டம் பெருக்கல விரல்வுட்டு எண்ற கூட்டலா ஆக்கிட்டான் பாரு!" இதைக் கேட்டுக்கொண்டே நின்ற பரிசோதகர் டிக்கெட் கேட்க மறந்து இறங்கிப்போனார். ஒன்றுக்கு லாக் பூஜ்யம் என்று படித்த அன்று மட்டும் மச்சான் இட்லியைத் தொடவில்லை. "வந்தவன வெறுங்கையோட அனுப்புறாங்களே!"

இந்த இளகிய மனசுதான் வினை. லாக் போட்ட அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் கூட்டலில் நின்றால், ஆளுக்கொரு லாக் கொடுத்துப் பிரித்துவிடுவார்.

"மச்சான், பத்தும் பத்தும் இருபது. நீங்க ஆளுக்கு ஒரு லாக் குடுத்து, ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டுனதுல ரெண்டு வந்துடுச்சு. அது நூறோட லாக். இருபது எப்பிடி நூறாவும்?"

"தெரியுது மாப்ள. ஆனா பெருக்கல்ல இருக்கவனுக்குத் தனித்தனியா குடுத்துட்டு, கூட்டல்ல இருக்கவனுக்கு இல்லன்னா ஓரவஞ்சன ஆவாது?"

ஆறு விடைத்தாளிலும் இந்த தர்மம்தான் நடந்திருக்கிறது.

ஏழாவது தேர்வன்று காலை, துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு வரும் அக்கா எதிர் சீட்டிலிருந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "இது இன்னா தம்பி?"

"கூட்டல் குறிக்கா."

"சேந்து வாழுதுங்க. அதுங்கள ஏன் பிரிக்கற?"

"இந்தப் பெருக்கல்?"

"குறுக்கமறுக்க முறைச்சிக்கினு நிக்குது பாரு. அதுங்களுக்குத் தனித்தனி வூடு குடு, நிம்மதியா கெடக்கும். ஒன்னையும் கம்மாபுரத்துப் பொண்ணையும் எவனாவது பிரிச்சா சும்மா இருப்பியா?"

மச்சானுக்கு முகம் வெளுத்தது. "அய்யய்யோ! இத்தினி வருசமா எத்தன குடும்பத்தப் பிரிச்சிருக்கேங்கா!"

அன்று தேர்வில் ஒரு ஜோடியைக்கூடப் பிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டும்போது செல்போனில் ரிசல்ட் வந்தது. பாஸ் மார்க்குக்கு மேல் ஒரு மார்க்குகூட ஜாஸ்தி இல்லை. ஆனாலும் பாஸ். மச்சான் மீன் கூடையோடு சேர்த்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். "வுடுடா, நெத்திலி நசுங்குது!" என்று கத்திய அக்காவும் அழுதார்.

கல்யாணம் முடிந்தது. கம்மாபுரம் பக்கமே வேலையும் கிடைத்துப் போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் உட்கார்ந்து வந்த ஜன்னலோர சீட்டு தினமும் எனக்கே கிடைக்கிறது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.