நூலகர் மைத்துனருக்கு ஒரு கண்புரைப் புகார்

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காள் புருஷன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காளும் நலம். நலம் கெட்டது வீட்டு நிம்மதி மட்டும்தான். உன் நலத்தையும் உன் கல்லூரி நூலகத்தின் நலத்தையும் கேட்பதுதான் முறை. இருக்கிற கோபத்தில் இரண்டாவதைக் கேட்கப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தகவலையும் எப்படித் தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது என்று நூலகத்தில் நீ ஏதோ வகுப்பு எடுக்கிறாயாம். மகள் அதில் சேர்ந்தபோது, படிப்பில் உதவும் என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். இப்போது அவள் வாயைத் திறந்தால், "யார் சொன்னாங்க? எப்பச் சொன்னாங்க? சொன்னவங்களுக்கு அதுல என்ன லாபம்?" மழை வரும்போல இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சௌக்கியம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பெற்ற தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவா உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பது உனக்குத் தெரியும். கத்தி வைத்தே ஆக வேண்டும், ஆறப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கத்தி என்றால் எனக்குப் பயம், உன்னிடம் சொல்வதற்கென்ன. அந்த நேரம் பார்த்துக் கடவுளே அனுப்பியதுபோல் செல்போனில் ஒரு செய்தி. உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்ணில் ஒற்றினால் புரை தானாகக் கரைந்துவிடுமாம். கீழே கோட்டுப் போட்ட டாக்டர் படம் வேறு. போனை மூக்கில் இடித்துக்கொண்டு படித்துவிட்டுத் தேய்த்தேன், தேய்த்தேன், கைரேகை அழிந்ததுதான் மிச்சம் என்கிறாள் உன் அக்காள். எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, டீயில் அவள் உப்பைப் போட்டுக் கொடுப்பது ஒன்றுதான் குறை. மகளோ உன் நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து துருவியிருக்கிறாள். அந்த டாக்டர் ஒரு தொப்பிக் கடை விளம்பரத்திலும் நிற்கிறாராம். "ஏன், டாக்டருக்குத் தலை கிடையாதா?" என்று கேட்டேன்.

விட்டேனா பார் என்று நானே நூலகத்துக்கு வந்தேன். நீ அன்று லீவாம். வாசலில் உயரமாக ஒருவர் நின்றார், வணக்கம் வைத்தேன், பதிலுக்குத் தலைகூட அசைக்கவில்லை. உன் ஊழியர்களுக்கு அவ்வளவு திமிர். உள்ளே மேசையில் இருந்த பெண், "என்ன தேடுறீங்க சார்?" என்றாள். "நான் சொல்றதுதான் சரின்னு சொல்ற புத்தகம்" என்றேன். "அப்படித் தனி அலமாரி இல்லைங்களே. கேள்வியைச் சொல்லுங்க, கிடைக்கிறதைப் பார்ப்போம்" என்றாள், சிரிக்காமல். என்னிடமா கேள்வி கேட்கிறாள்? அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். எழுத்து சரியா என்று பார்த்தேனே தவிர விஷயம் சரியா என்று ஒருநாளும் பார்த்ததில்லை, அது நம் வேலையும் இல்லை. ஒரு மருத்துவப் பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்தாள். தலையாட்டித் தலையாட்டிப் படித்தேன். சுற்றிலும் மாணவர்கள். மகள் பக்கத்தில் வந்து மெதுவாக, "அப்பா, தலைகீழா வச்சிருக்கீங்க" என்றாள். உன் நூலகத்தில் வெளிச்சம் போதாது, அதை முதலில் கவனி.

ஆகவே அந்த வகுப்பை உடனே நிறுத்து. முடியாவிட்டால், தகப்பன்மார் சொல்வதற்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரியாவது சேர். கண் போனால் போகட்டும், வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டாமா?

உன் குடும்பம் தழைக்கட்டும், உன் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் வளரட்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: மாமா, இது நான். அப்பா சொல்லச் சொல்ல எழுதியது முழுக்க நான்தான்; அவருக்கு இப்போது எழுத்தே தெரிவதில்லை. கையெழுத்தை மேசைவிரிப்பில் போட்டுவிட்டார். நேரில் பார்த்தவள் என்ற முறையில் சில பிழை திருத்தங்கள்: டீயில் உப்பைப் போட்டுக்கொண்டது அவரேதான். நூலக வாசலில் நின்றது குடை மாட்டும் கம்பம். வெளிச்சம் போதுமானது.

உறையை ஒட்டப் போனபோது "இரும்மா" என்றார். கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மறுபடி படிக்க முடியும்னு சொல்றாங்களே, அது யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லும் புத்தகத்தை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்போது அப்பா வாசலில் நிற்பார். அவர் வணக்கம் வைப்பதற்குள் போய் அந்தக் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள்.