ஆந்திராவிலிருந்து வந்த அலை

இனிமேல் இந்த வீட்டில் தன் இஷ்டத்துக்கு கிரிக்கெட் பார்ப்பது என்று எலியேசர் முடிவு எடுத்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சுதந்திரப் போராட்டத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பித்தார்.

திருத்தணி கடைத்தெருவில் லுங்கி மொத்த வியாபாரம். கடையில் அவர் கனைத்தால் பொதட்டூர்பேட்டை வரைக்கும் தறி நிற்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டில் அவர் கனைத்தால், "இருமலா? கஷாயம் வெக்கட்டா?" என்பார் மனைவி லோயிஸ். ஏழு மணி அடித்ததும் ரிமோட் லோயிஸ் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தொடர். கிரிக்கெட் தொடர் என்றால் ஒருநாள் முடிந்துவிடும். லோயிஸ் பார்க்கிற தொடர் முடிகிற ஜாதி இல்லை.

அதனால் எலியேசர் அரக்கோணம் போய் ஒரு கருவி வாங்கி வந்தார்.

"இன்னாங்க இது?"

"சென்டர்."

"டியூஷன் சென்டரா?"

"அனுப்புற சென்டர், லோயிசு. ஹால்ல கேபிள் பாக்ஸ் பக்கத்துல இதை வெச்சா, படத்தை ஒயரே இல்லாம மாடி ரூம் டிவிக்கு அனுப்பும். நீ கீழ பாரு, நான் மேல பாக்கறேன்."

"அப்படியா! நல்லா இருங்க," என்று லோயிஸ் வாழ்த்தி அனுப்பினார்.

மாடி அறையில் புது சாய்வு நாற்காலி, புது ஃபேன், தட்டு நிறைய வேர்க்கடலை. எலியேசர் சாய்ந்து டிவியைப் போட்டார். ஒரு மருமகள் அழுதாள். கீழே ஹாலில் அழுதுகொண்டிருந்த அதே மருமகள்தான். பாக்ஸ் ஒன்றுதானே? கீழே என்ன ஓடுகிறதோ அதுதான் மாடிக்கும் வரும். இத்தனை நாள் ஓசியில் பார்த்த அழுகையை எலியேசர் அன்று காசு கொடுத்துப் பார்த்தார்.

ஆனால் அந்தக் கருவியில் இன்னொரு வசதி இருந்தது. மாடியிலிருந்து ரிமோட்டை அமுக்கினால் கீழே பாக்ஸில் சேனல் மாறும். மறுநாளே இன்னொரு ரிமோட் வாங்கிவந்து, மருமகள் விஷம் கலந்த பாலை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து அமுக்கினார். பாலுக்குப் பதில் பந்து வந்தது.

"ஏங்க! சீரியல் போயி கிரிக்கெட் வந்துகினு இருக்குது!" கீழேயிருந்து கூச்சல்.

எலியேசர் படியில் பாதி இறங்கி, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார். "இன்டர்ஃபெரன்ஸ் லோயிசு. குறுக்கீடு. ஆந்திரா பார்டர் பக்கத்துல இருக்குது இல்ல? அங்கேருந்து அலை வந்து நம்ம மலைல மோதி, திரும்பி ஹால்ல விழுது."

"ஆந்திராலேருந்து வந்தா தெலுங்குல இல்ல வரணும்? இவன் தமிழ்ல கத்துறானே?"

மறுநாளிலிருந்து தெலுங்கு வர்ணனை வந்தது. எலியேசருக்கு ஊர் வழக்கப்படி சரக்கு பேரம் பேசுகிற அளவு தெலுங்கு தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதா, விலை படியாமல் திரும்பிவிட்டதா என்று யூகித்து யூகித்துப் பார்த்தார். வெற்றி வெற்றிதானே!

மனிதர் இரக்கமுள்ளவர். கிரிக்கெட்டில் விளம்பரம் போடும்போதெல்லாம் மனைவிக்குச் சீரியலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டு துர்காவோடு உட்கார்ந்திருந்த லோயிஸ் இதை ரெண்டு நாள் பார்த்தார்.

"துர்கா, கவனிச்சியா? ஓவர் ஆரம்பிச்சா அலை வருது. விளம்பரம் வந்தா ஓடிப்போவுது."

"ஆந்திராக்காரங்களுக்கு விளம்பரம் புடிக்காது போல இருக்குதுக்கா."

ரெண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். எலியேசர், சீரியலில் ஏதோ தமாஷ் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் லோயிஸ் முந்தானையைச் செருகினார். "கடைக்காரருக்குப் போன் பண்ணி விசாரிச்சுட்டேங்க. வீட்டுக்குள்ள வேற அலை இருந்தா இது கலங்குமாம். மொதல்ல வைஃபையை அணைங்க. உங்க போனையும் ஆஃப் பண்ணி இப்படிக் குடுங்க."

குடுத்தார்.

"இரும்பு, பித்தளைச் சாமான் எதுவும் குறுக்க இருக்கக் கூடாதாம். அந்த பீரோவை அந்தச் செவுத்துக்குத் தள்ளுங்க."

லோயிஸின் தாய்வீட்டு பீரோ. பழைய காலத்து இரும்பு. போன வருஷத்திலிருந்து தள்ளச் சொல்லிக்கொண்டிருந்த பீரோ. முடியாது என்றால் குறுக்கீடே இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எலியேசர் தள்ளினார். பொய் சொன்னது வாய், வலித்தது இடுப்பு. பரண் மேலிருந்த பித்தளை அண்டாக்களும் இறங்கின. எலியேசரே அவற்றைத் துலக்கவும் செய்தார், அழுக்கிலும் அலை ஒட்டுமாம்.

இவ்வளவு செய்தவருக்கு ராத்திரி நாலு ஓவராவது வேண்டாமா? அமுக்கினார்.

"இன்னும் வருதுங்க!" லோயிஸ் படியேறி மாடிக்கே வந்துவிட்டார். எலியேசர் ரிமோட்டை வேர்க்கடலைக்கு அடியில் புதைத்தார். "பாவம், இவ்ளோ வேலை செஞ்சும் ஹால்ல குறுக்கீடு போவலியே. இங்க எப்படி? இங்கயும் கலங்குதா?"

"சேச்சே, மாடில படம் கண்ணாடி மாதிரி இருக்குது," என்றார் எலியேசர், கருவி வாங்கிய பெருமையில்.

"அப்படியா!" லோயிஸ் சாய்வு நாற்காலியைத் தடவிப் பார்த்தார். "அப்ப நாளையிலேருந்து நானும் துர்காவும் இங்கயே பாத்துக்கறோம். நீங்க ஹால்ல உக்காருங்க. அங்கதான் கிரிக்கெட் தன்னால வருது இல்ல? உங்களுக்குத்தானே அது புடிக்கும்?"

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து எலியேசர் நாற்காலியை விட்டு எழுந்தார். லோயிஸ் வேர்க்கடலையை ஒரு கை அள்ளினார். ரிமோட்டும் சேர்ந்து வந்தது.

"இது இங்கயே இருக்கட்டும்," என்றார், ஒன்றும் நடக்காதது போல.

இறுதி ஆட்டத்தன்று பள்ளிப்பட்டிலிருந்து லோயிஸின் தம்பி ஆபேல் பைக்கில் வந்து இறங்கினான். மாடியில் தியேட்டரே கட்டிவிட்டதாக எலியேசர் அவனிடம் எப்போதோ அளந்திருந்தார். வாசலிலேயே அக்கா அவன் போனை வாங்கி, அலை வரும் என்று அணைத்து, கையோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மாமனும் மச்சானும் ஹாலில் உட்கார்ந்தார்கள். டிவியில் ஒரு மாமியார் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மேட்ச் எங்க பாவா?" என்று அக்கா புருஷனைக் கேட்டான் ஆபேல்.

எலியேசர் பூனை போல எழுந்துபோய் பாக்ஸில் இருந்த பொத்தானை அமுக்கினார். மைதானம் வந்தது. ஒரு பந்துகூட விழவில்லை, மாமியார் திரும்பி வந்துவிட்டாள்.

"ஏங்க!" மாடியிலிருந்து லோயிஸின் குரல். "பாக்ஸ் கிட்ட யாராச்சும் நிக்கிறீங்களா? இங்க கலங்குது. ஒடம்புகூட அலையை மறைக்குமாம், தள்ளிப் போயி உக்காருங்க!"

எலியேசர் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மேலே ரெண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. டிவியில் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாரு பாவா இந்தப் பொம்பள?" என்று கேட்டான் ஆபேல்.

"சின்ன மருமவ," என்றார் எலியேசர், கண்ணை எடுக்காமல். "பேசாம இருடா, இப்பத்தான் வசமா மாட்டப் போறா."