ஊ சார் தேடிய குழி

பாப்பிரெட்டிப்பட்டித் தாலுகா முழுக்கச் சலித்தாலும், சொந்த வீட்டுச் சுவரோடு வருடக்கணக்கில் சண்டை போட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தெரு ஊ சார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். ஒண்டிக்கட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அவர் வீட்டிலிருந்து 'ஊ...' என்று ஒரு சத்தம் கிளம்பும். எருமை முனகுவது போல ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கொசுவின் குரலில் முடியும். தெரு நாய்கள் கொஞ்ச நாள் பதில் சொல்லிப் பார்த்தன. பிறகு அலுத்துப்போய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன.

"பாட்டு போடறதுக்கு முந்தி ரூமச் சரி பண்ணணுங்க டீச்சர்" என்பார் என்னிடம். "செட்டு மேல தப்பே இல்ல. ஸ்பீக்கர் ஒழுங்கா பாடுது. இந்த ரூம்தான் சில சத்தத்தத் தின்னுடுது, சில சத்தத்த ரெண்டாத் துப்புது."

செட்டு அவரே செய்தது. பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அறையின் நான்கு மூலையிலும் புளி மூட்டை அடுக்கியிருந்தார். கீழ்ச்சத்தத்தை அது உறிஞ்சுமாம். சத்தத்தை உறிஞ்சியதோ இல்லையோ, தெருவிலிருந்த எறும்பையெல்லாம் உறிஞ்சியது. மூட்டைகள் பக்கத்து வீட்டுப் புளி வியாபாரி ராஜாமணியக்காவுடையவை.

"ஏஞ்சாரே, எம்புளி பாட்டு கேட்டுக் கேட்டு இனிச்சுப் போயிடப் போவுது. அப்புறம் எவன் வாங்குவான்?"

"இனிச்சா வெல்லம்னு வித்துடுங்கக்கா."

ஒருமுறை பெங்களூர் போனவர், டைப்ரைட்டர் கட்டை மாதிரி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டராம். அதை டிவி பெட்டியோடு இணைத்தார். துணி காயப்போடும் கொடியில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, கேஸட்டில் பதிந்த 'ஊ'வை முப்பது படியாகப் பிரித்து ஒலிக்கவிடுவார். எந்தப் படி தூக்கலாகக் கேட்கிறது, எது அமுங்குகிறது என்று மீட்டரைப் பார்த்து எண்களைத் தட்டுவார். கம்ப்யூட்டர் யோசித்து, செட்டில் எந்தக் குமிழை எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்று சொல்லும்.

"எல்லாம் டிஜிட்டலுங்க" என்றார் பெருமையோடு.

ராஜாமணியக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தவிடு வெக்கணுமா, புண்ணாக்கா?" என்றார்.

இதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. மனித உடம்பும் சத்தத்தைக் குடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலோ படித்துவிட்டார் ஊ சார். ஆகவே ஆட்களை உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும்; அளந்தபோது இருந்த அதே ஆட்கள் அதே இடத்தில் இருந்தால்தான் பாட்டும் போடுவார். தரையில் நான்கு சாக்பீஸ் கட்டம். எனக்கொன்று, என் வீட்டுக்காரருக்கொன்று, ராஜாமணியக்காவுக்கொன்று, எங்கள் ஏழு வயது மகள் ஜெசிக்கொன்று. ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அடுத்த பூசைக்குப் போவது போல அங்கே போய் உட்காருவோம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் மொரப்பூரில் ரயிலேறி வெளியூர் போய்விட, அவர் கட்டத்தில் ஊ சார் இரண்டு மூட்டை கேழ்வரகை வைத்தார். பாட்டு முடிந்ததும், "ஒரு வித்தியாசமும் தெரியலீங்க" என்றார் ஆச்சரியமாக. எனக்கு ஆச்சரியமில்லை.

நான் போனதற்குக் காரணம் பாட்டு அல்ல. ஜெசி. அவள் படிக்கும் பள்ளியில்தான் நான் டீச்சர். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். டிக்டேஷனில் பாதிச் சொல் இருக்காது. இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்காரவைக்கலாம் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். டீச்சர் பிள்ளை மக்கு என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? திட்டினேன். ஸ்கேலால் முட்டியில் அடித்தேன். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப் பழகட்டும் என்றுதான் ஊ சார் வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

மீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்று அவர் புது விதி கொண்டுவந்தார். 'ஊ' கேட்கும்வரை எல்லோரும் கை தூக்க வேண்டும். கேட்காதபோது இறக்க வேண்டும். கொசுக்குரல் வருவதற்கு வெகு முன்பே ஜெசி கையை இறக்கிவிடுவாள்.

"அந்த மூலையில ஒரு குழி இருக்குதுங்க" என்றார். "மேல்சத்தம் வந்து விழுந்துடுது."

குழியைப் பிடிக்க மூன்று வாரம் அல்லாடினார். புளி மூட்டையை இந்தாண்ட நகர்த்தினார். பீரோவை அந்தாண்ட தள்ளினார். சுவரில் கம்பளி தொங்கவிட்டார், கழற்றினார், சாணி மெழுகினார். கடைசியில் என்னை ஜெசியின் கட்டத்திலும் அவளை என் கட்டத்திலும் மாற்றி உட்காரவைத்தார். எண்களைத் தட்டியவர் அன்றைக்குப் பாட்டுப் போடவில்லை. எங்களை அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம், ஆபீஸ் உடுப்போடு என் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சர், ரூம்ல தப்பு இல்லீங்க."

"அப்பாடா! ஒருவழியா ஒத்துக்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பாப்பாவ எடம் மாத்தினேன்ல. குழியும் கூடவே போவுதுங்க. அந்த மூலையில உங்களுக்கு நல்லாக் கேக்குது. மேல்சத்தம் பாப்பாவுக்குத்தான் கேக்கல."

"ஊ ஊன்னு கேட்டு உங்களுக்குத்தான் மூள கலங்கிப்போச்சு. எம்புள்ளயக் கொற சொல்றதா இருந்தா எங்கூட்டுப் படியேறாதீங்க." கதவைச் சாத்தினேன்.

சாத்திய கையோடு குக்கரை அடுப்பில் வைத்தேன். ஜெசி முன்னறையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று விசில் வந்ததும் சொல்லு என்று எத்தனை நாள் அவளிடம் சொல்லி, பருப்பு தீய்ந்து, எத்தனை நாள் அடித்திருக்கிறேன். முதல் விசில் வந்தது. அவள் தலை அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஏழு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

சேலத்துக் காது டாக்டரிடம் ஊ சாரும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. அவரே முந்திப்போய் பஸ்ஸில் சீட்டுப் பிடித்திருந்தார், மடியில் எண்கள் எழுதிய நோட்டோடு. டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில எடுத்தது?" என்றார்.

"எங்கூட்டுலதாங்க. புளி மூட்டைக்கு நடுவுல."

டாக்டரின் பரிசோதனை அறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "ரூம் கொஞ்சம் எதிரொலிக்குதுங்களே" என்று வேறு சொன்னார். நான் முழங்கையால் இடித்து அடக்கினேன்.

சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு ஒயர் என்று ஜெசிக்கு மெஷின் வந்தது. இப்போது மூன்றாம் வகுப்பு, முன் பெஞ்சு. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன். திரும்புகிறாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போடுகிறேன். "என்னாம்மா சும்மா சும்மா!" என்கிறாள்.

மெஷின் மாட்டிய முதல் ஞாயிறு அவர் வீட்டில் உட்கார்ந்தோம். கேஸட்டை ஓடவிட்டதுமே ஜெசி கை தூக்கினாள்.

"பாப்பா, ஊ இன்னும் வரவே இல்லியே."

"ஸ்ஸ்ஸ்ன்னு கேக்குதே சார். வெளிய மழையா?"

அது வெறும் டேப்பின் இரைச்சல். அதை ஒழிக்கத்தான் அந்த மனிதர் மூன்று தடவை பெங்களூர் போய்வந்தார். அதற்கென்றே செட்டில் ஒரு சுவிட்சு வைத்திருந்தார். விரல் பழக்கத்தில் அந்தச் சுவிட்சு வரை போனது. போய், நின்று, திரும்பி வந்தது.

"ஆமா பாப்பா, மழதான்" என்றார்.

அன்று அவர் பாட்டே போடவில்லை. டேப் தீரும்வரை, வெயில் காய்கிற மத்தியானத்தில், ஐந்து பேரும் உட்கார்ந்து மழை கேட்டோம்.