புழுச் சிவப்பும் நைலெக்ஸ் கூறையும்

பெண் வீட்டில் வாய் திறக்காத மாப்பிள்ளையை அடக்கமானவன் என்பார்கள். நானும் அடக்கமானவன்தான், தேத்தண்ணி வரும்வரை.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்தேன். கூட வேலை செய்த போலந்துக்காரர் ஸ்டெஃபான், ஆள் வராத நேரங்களில் நிறங்களின் பூர்வீகம் சொல்வார். ரஷ்யர்கள் வெளிர்நீலத்துக்குப் புறாவிடமிருந்து பெயர் எடுத்தார்களாம். அவர்களுடைய சிவப்புக்கு முன்பு அழகு என்றுதான் பொருளாம். போலந்துக்காரர்களின் சிவப்போ புழுவிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்தில் ஒரு பூச்சியை உலர்த்தி இடித்துத்தான் சாயம் எடுத்தார்களாம். (இதெல்லாம் தெரிந்த பிறகு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தாலே, இதொன்றும் தெரியாமல் இருக்கிறார்களே என்று எனக்குப் பரிதாபமாக இருக்கும்.)

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அக்காவும் நானும் கூறைச்சேலையை நோர்பரியில் இருந்த பெண் வீட்டுக்குக் கொண்டுபோனோம். இந்தியாவிலிருந்து எடுப்பித்த பட்டு, நல்ல சிவப்பு. எனக்குப் பேசியிருந்த வதனி அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். இறக்கி வைக்க அவளுக்கு மனமே வரவில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத அவளுடைய அம்மா, "என்ன வடிவான சிவப்பு" என்று சேலையைத் தடவினார்.

அந்த இடத்தில் ரஷ்யர்களின் அழகைச் சொல்லியிருக்கலாம். நான் புழுவைச் சொன்னேன்.

மாமி சேலையிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, அப்ப உதுவும் புழுச்சாயமோ?"

அக்கா என் காலை மிதித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லை மாமி, பயப்பிடாதேங்கோ. சாயம் வெறும் ரசாயனம். பட்டு மட்டும்தான் புழு. உயிரோட அவிச்சு நூல் எடுக்கிறவை."

பட்டு எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கூறைக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை.

"அம்மா, எனக்கு இந்தச் சேலைதான் வேணும்" என்றாள் வதனி. சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

"அவிச்ச புழுவைச் சுத்திக்கொண்டு என்ர பிள்ளை மணவறையில இருக்க ஏலாது" என்றார் மாமி. "ஒண்டில் வேற சேலை, இல்லாட்டி வேற மாப்பிள்ளை."

வதனி சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள்.

குறித்த நாளில் கலியாணம் நடந்தது. வதனி கட்டியிருந்தது சிவப்பு நைலெக்ஸ், எந்தப் புழுவும் படாத செயற்கை நூல்.

மாமி அதோடு விடவில்லை. தன் அலுமாரியிலிருந்த பட்டுச்சேலைகளையும் அந்தக் கூறையையும் சேர்த்து அக்காவிடமே கொடுத்துவிட்டார். அக்கா மறுப்பாள் என்று பார்த்தேன். அவள் பெரிய பையோடு வந்திருந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்ப விசேஷத்துக்கும் அவற்றில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவாள். வந்ததும் மாமியின் சங்கிலியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் விசாரிப்பாள்:

"தம்பி, தங்கத்தைப் பற்றி அந்தப் போலந்துக்கார மனிசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"